தும்பிக்கை வைத்த எழுத்து

மசாலாப் பொடிக் கடை தொடங்குகிறேன். பெயர்ப் பலகையைப் பழைய காலத்து எழுத்தில் வைத்தால் 'பாரம்பரியம்' வந்துவிடுமா?

பலகைக்கு வரும். பொடிக்கு வர மிளகாயைத்தான் பக்குவமாக வறுக்க வேண்டும்!

எனக்கும் அந்த எழுத்துகள் மேல் ஆசை உண்டு. பழைய லை, னை எல்லாம் யானை மாதிரி தும்பிக்கை தூக்கி நிற்கும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகுதான் தும்பிக்கை இறங்கியது. அதனால் கடைப் பெயருக்கு மட்டும் பழைய எழுத்து போதும். பாக்கெட்டில் 'விலை'க்கும் தும்பிக்கை வைத்தால் பாட்டி படித்துவிடுவார், பேத்தி திணறுவாள்.

ஊரில் கையால் போர்டு எழுதும் ஓவியர் யாராவது இருக்கிறாரா? கம்ப்யூட்டரில் ஃபாண்ட் தேடுவதற்கு முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.