வருஷத்துக்குக் கீழே

மீதிச் சில்லறையை வாங்கினால் நாமெல்லாம் எண்ணிப் பார்ப்போம். நாணயம் சேர்க்கிற அவர் எண்ண மாட்டார். ஐந்து ரூபாய் குறைந்தாலும் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு காசாக எடுத்து, வருஷம் போட்ட பக்கத்தைத் திருப்பி, வருஷத்துக்குக் கீழே பார்ப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து இன்னொரு தடவை பார்ப்பார். பின்னால் பால் பாக்கெட்டுக்கு நிற்கிறவர்கள் நிற்கட்டும்.

கீழே வட்டப் புள்ளி இருந்தால் காசு அடித்த ஊர் நொய்டா. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். டைமண்ட் என்றால் மும்பை. எதுவும் இல்லாவிட்டால் கல்கத்தா. ஒரு நிமிஷத்தில் முடிகிற சமாச்சாரம்தானே என்று நினைப்பீர்கள். அந்தக் கல்கத்தாவில்தான் வில்லங்கம். எதுவும் இல்லை என்றால் அது நிஜக் கல்கத்தாவா, புள்ளி தேய்ந்துபோன நொய்டாவா? வெளிச்சம் இல்லாமல் இதைத் தீர்மானிக்க முடியாது. வாசலுக்குப் போவார். வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். நகத்தால் தடவுவார். கடைசியில் "கல்கத்தாதான்" என்று வருத்தத்தோடு தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பி வருவார். "இதை வெச்சுக்கிட்டு வேற காசு இருந்தா குடுங்களேன்."

வேறு காசு வரும். மறுபடியும் முதலிலிருந்து.

இதோடு விட்டாலும் பரவாயில்லை. நம் காசைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கமும் நேராகவே நிற்க வேண்டும். சிங்கம் சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு பிசகிவிட்டது என்று பொருள். அன்று அவருக்குத் தீபாவளி. டவுன் பஸ்ஸில் ஒருநாள் "டை ரொட்டேஷன்!" என்று அவர் போட்ட கூச்சலில், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று கண்டக்டர் விசிலடித்து வண்டியையே நிறுத்திவிட்டார்.

இவர் மாதிரி ஒருவர் எந்தத் தெருவிலும் இருப்பார். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் இருக்கிறார்.

சின்ன வயதில் ஓட்டைக் காலணா சேர்த்தவர். கல்யாணம், வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று நடுவில் அதை மறந்துபோனார். ரிட்டையர் ஆனதும் பரணிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டில் இறங்கியது. அவர் வீட்டம்மா நல்லெண்ணத்தில் அத்தனை காசையும் புளி போட்டுப் பளபளவென்று விளக்கி வைத்தார். பழங்காசைத் தேய்த்தால் மதிப்பே போய்விடும் என்பது பாவம், அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அந்த வீட்டில் அப்புறம் கொஞ்ச காலம் டிவி மட்டும்தான் பேசியது.

ஊரே ஜிபேக்கு மாறிவிட்டது. இவர் மாறவில்லை. டீக்குக்கூட நோட்டைத்தான் நீட்டுவார். சில்லறையாக வாங்குவாரே தவிர, சில்லறையாகத் தர மாட்டார். மீதிக்குப் பதில் மிட்டாய் கொடுத்தால் நுகர்வோர் உரிமை பற்றிப் பிரசங்கம் செய்வார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்வீட்டு அம்மாவிடம் வைஷ்ணோ தேவி படம் போட்ட 2012-ஆம் வருஷத்துப் பத்து ரூபாய்க் காசு இருந்தது. அதை லட்ச ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக ஒருவன், ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் போன் செய்தான். முதலில் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டுமாம். இவர்தான் போனைப் பிடுங்கி அவனை விரட்டினார். இப்படி எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டால் நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்ததை எடுத்துச் சொன்னார். "பத்து ரூபாய்க் காசும்மா. பத்து ரூபாய்னே நெனச்சுக்குங்க" என்று அந்த அம்மாவைத் தேற்றினார். எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது.

அந்த மரியாதை என் மகளின் உண்டியல் வரைக்கும்தான் தாங்கியது.

1985-இல் அரசாங்கம் ஒரு ரூபாய்க் காசை வெளிநாட்டிலும் அடித்து வரவழைத்தது. பர்மிங்காமில் அடித்த காசில் வருஷத்துக்குக் கீழே ஆங்கில எச் எழுத்து இருக்கும். பாட்டி கொடுத்த காசுகளோடு அப்படி ஒன்று என் மகளின் உண்டியலில் கிடந்திருக்கிறது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் குழந்தையிடம் நைச்சியமாகப் பேசி உண்டியலைக் கவிழ்க்கச் சொல்லி, அதை எடுத்துக்கொண்டு புது ஒரு ரூபாயைப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் ஆல்பத்தில் செருகி என்னிடமே பெருமையாகக் காட்டுகிறார்: "தம்பி, இது பாப்பா உண்டியல்ல கிடைச்சுது!"

"திருப்பிக் குடுத்துடுங்க சார், அவ பாட்டி குடுத்தது" என்றேன்.

"ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் போட்டாச்சே, கணக்கு சரியாத்தானே இருக்கு?"

எதிர்வீட்டு அம்மாவுக்குச் சொன்ன அதே நியாயம்தான். ஆனால் ஒரு ரூபாய் ஒரு ரூபாய்தான் என்றால், அதை எதற்கு ஆல்பத்தில் செருகி வைக்க வேண்டும்? இதைக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. காசும் வரவில்லை.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர் வரக்கூடும். காபி கொடுங்கள், உட்கார்ந்து பேசுங்கள். உண்டியலை மட்டும் அதற்கு முன்னால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.