தவணை வெளியீடும் சானமாவு யானைகளும்: ஓசூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு நூல் மூன்று பாகமாக வருமானால் ஒரு பாகம் பிந்தியே வரும். அது வந்து சேர்வதற்குள் அதன் தேவை தீர்ந்திருக்கும். இவ்வாய்வின் கருதுகோள் இதுவே. இதை நிறுவும் பொருட்டு ஆய்வாளர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு மாடியறையில் ஐந்து மாதம் ஞாயிறுதோறும் களப்பணி ஆற்றினார். மிக்சர், டீ உள்ளிட்ட களப்பணிச் செலவு முழுவதும் அவருடையதே. நல்கை எதுவும் பெறப்படவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

ஆய்வு எல்லை: வடக்கே அத்திப்பள்ளி, தெற்கே தேன்கனிக்கோட்டை, கிழக்கே சானமாவுக் காடு. மற்ற ஆய்வேடுகளில் எல்லை வகுப்பது ஒரு சம்பிரதாயம். இங்கே அப்படியில்லை, ஜூஜூவாடியைத் தாண்டினால் கடைப் பலகையின் எழுத்தே மாறிவிடும். மேற்கு எல்லை எது என்று நெறியாளர் கேட்கவில்லை. நெறியாளரே இல்லை.

ஆய்வுப் பொருள், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டு. அறியாதவர்களுக்காக: நாலைந்து பேர் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்யப் போகிறது என்று சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். தாயக்கட்டத்தில் காயை வெட்டுவதோடு நம் வேலை முடிந்தது. இதில் வெட்டுப்பட்டவன் எந்த ஊர், அவனுக்கு எத்தனை பிள்ளைகள் என்பது வரை பேசியாக வேண்டும். இதற்கு மூலநூல்கள் மூன்று. ஆடுவோர் கையேடு ஒன்று. கதை நடத்துபவருக்கான வழிகாட்டி ஒன்று. இதை முதலில் 'நடத்துநர் வழிகாட்டி' என்று பெயர்த்திருந்தேன், ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அச்சொல்லுக்கு வேறு பொருள் என்பதால் கைவிட்டேன். மூன்றாவது, பூதப் புத்தகம்: பாத்திரங்கள் எவற்றோடெல்லாம் மோதலாம் என்கிற பட்டியல், படத்தோடு.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இதை வெளியிட்டபோது மூன்று சிறு நூல்களும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. ஆக, பிறக்கும்போது இந்த வியாதி இல்லை. தொற்றியது 1977-ல். 'அட்வான்ஸ்டு' பதிப்பின் பூதப் புத்தகம் அந்த ஆண்டு வந்தது. ஆடுவோர் கையேடு 1978-ல். நடத்துபவர் வழிகாட்டி 1979-ல். முதலாண்டில் பூதங்கள் வந்து வாசலில் நின்றன, அவற்றோடு மோதுவதற்கான புது விதிகள் இன்னும் அச்சுக்கே போகவில்லை. 2000-ல் மூன்றாம் பதிப்பு மாதம் ஒன்றாக வந்தது: ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். நான்காம் பதிப்பு 2008 ஜூன் 6 அன்று மூன்றையும் ஒரே நாளில் தந்தது. அந்தப் பதிப்பைப் பற்றித்தான் ஆடுவோரிடையே சண்டை அதிகம் என்பதை ஆய்வாளர் குறித்துக்கொண்டார், காரணம் கற்பிக்கவில்லை. ஐந்தாம் பதிப்பு 2014-ல் ஆகஸ்ட் 19, செப்டம்பர் 30, டிசம்பர் 9 என்று வந்தது. கடைசி நூல் நவம்பரில் வருவதாக இருந்து டிசம்பருக்குத் தள்ளிப்போனது. 

இனி நமக்கு வேண்டிய பதிப்பு. ஆடுவோர் கையேடு 2024 செப்டம்பர் 17. வழிகாட்டி நவம்பர் 12. பூதப் புத்தகம் 2025 பிப்ரவரி 18. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 154 நாள். பழைய பதிப்பின் பூதங்களை வைத்தே ஆடலாம் என்று வெளியீட்டாளர்கள் சொன்னார்கள்தான். எங்களிடம் பழைய பதிப்பு இல்லை. புதிதாகக் கடை திறக்கிறவனிடம் போன வருஷத்துச் சரக்கை வைத்து ஓட்டு என்றால் எப்படி?

தகவலாளிகள் நால்வர்; கதை சொல்பவர் ஆய்வாளரே. ஆய்வு நெறிப்படி பெயர் மறைத்து அ, ஆ, இ, ஈ என்று குறிக்கப்படுகிறார்கள். அ, சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனியில் புரொடக்‌ஷன் பிளானிங் பார்ப்பவர். ஆ, நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராக வருபவர்; பாதி ஆட்டத்தில் தூங்கிவிடுவார், அவருடைய மந்திரவாதியும் கூடவே தூங்கும். இ, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பையன். அப்பாவுக்கு ராகி வயல். ஈ, ஆனேக்கல்காரர். பகடை சரியாக விழாவிட்டால் கன்னடத்தில் திட்டுவார். பெங்களூரிலிருந்து புத்தகம் வாங்கி வருபவரும் அவரே.

தவணை வெளியீட்டைக் கேள்விப்பட்டதும் கொதித்தவர் அ. "ஜி, இதையே லைன்ல செஞ்சா மேனேஜர் சட்டையைப் பிடிப்பாரு. எல்லாப் பார்ட்டும் வந்து ஒரே ஒரு கிளிப் ஷார்ட்டேஜ்னா வண்டி யார்டுலதான் நிக்கும். இவன் என்னடான்னா எஞ்சினை செப்டம்பர்ல குடுத்துட்டு சக்கரத்தை பிப்ரவரில தரேங்கறான்." இந்த மறுப்பு வலுவானது. ஆனால் வண்டி வாங்க வந்தவர் யாரும் வராத கிளிப்பைத் தாமே வளைத்துச் செய்து மாட்டுவதில்லை. விளையாட்டில் மாட்டுவார்கள். இந்த வேறுபாட்டை முன்னோர் ஆய்வுகள் போதிய அளவு கவனிக்கவில்லை.

மாட்டுவதற்கு எவ்வளவு அவகாசம் வேண்டும் என்பது அடுத்த கேள்வி. மூன்று மணி நேரம் போதாது என்பதற்கு ஓசூரிலேயே சான்று உண்டு. தமிழ்நாட்டில் இப்போது பெரிய படத்துக்கும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். 2023 ஆகஸ்ட் 10 அன்று ஜெயிலர் வந்தபோதும் அப்படியே. பெங்களூரில் அதிகாலையிலேயே ஓட்டிவிட்டார்கள். இங்கே டைட்டில் போடும் நேரத்தில் எல்லை தாண்டிப் பார்த்தவர் திரும்பி வந்து பேக்கரி வாசலில் கிளைமாக்ஸ் சொல்லிக்கொண்டிருப்பார். சொந்தக் கற்பனைக்கு அங்கே இடமில்லை.

பன்னிரண்டு ஆண்டு என்றால் தாராளமாகப் போதும். இறையனார் அகப்பொருள் உரையில் ஒரு வரலாறு வருகிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு பஞ்சம். சோறு போட முடியாத அரசன் புலவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மழை பெய்த பிறகு ஆளனுப்பித் தேடுகிறான். எழுத்ததிகாரம் வல்லவர் கிடைத்தார்கள், சொல்லதிகாரம் வல்லவர் கிடைத்தார்கள், பொருளதிகாரம் வல்லவர் ஒருவரும் கிடைக்கவில்லை. முதல் பாகம் இருக்கிறது, இரண்டாம் பாகம் இருக்கிறது, எதற்காக இரண்டையும் படித்தோமோ அந்த மூன்றாம் பாகம் வரவில்லை. தகவலாளி அ-வின் மொழியில் மெட்டீரியல் ஷார்ட்டேஜ். அரசனின் கவலையைப் பார்த்த ஆலவாய்ப் பெருமான் காத்திருக்கச் சொல்லவில்லை. தாமே உட்கார்ந்து அறுபது சூத்திரம் செய்து, மூன்று செப்பேட்டில் எழுதிப் பீடத்துக்கு அடியில் போட்டுவிட்டார். அதிகாரபூர்வ நூல் வராத இடத்தில் வீட்டிலேயே செய்துகொண்ட விதிப்புத்தகங்களில் இதைவிடப் பழையது ஆய்வாளரின் பார்வைக்கு வரவில்லை. சோதனை ஆட்டமும் நடந்தது. நூலுக்குப் புலவர்கள் ஆளுக்கோர் உரை சொல்ல, எது சரி என்று தீர்க்க உருத்திரசன்மன் என்கிற ஐந்து வயது ஊமைப் பிள்ளையை உட்காரவைத்தார்கள். நக்கீரர் உரை கேட்டபோது பிள்ளைக்குக் கண்ணீர் வந்தது. அந்த உரை தேறியது. எங்கள் மேசையில் அந்த இடம் ஆ-வுக்கு. அவர் தூங்கவில்லை என்றால் கதை தேறியது.

மூன்று மணி நேரத்துக்கும் பன்னிரண்டு ஆண்டுக்கும் நடுவே நிற்கிறது நம் 154 நாள்.

ஆடுவோர் கையேட்டின் பின்னிணைப்பில் சில விலங்குகள் உண்டு: கரடி, ஓநாய், பூனை, யானை. கரடியையும் ஓநாயையும் இரண்டே ஞாயிற்றில் தீர்த்துவிட்டோம். பூனையோடு சண்டை போட யாருக்கும் மனம் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, பாத்திரங்கள் போகும் பாதையில் ஒரு யானையை நிறுத்தினேன். எல்லாரும் பகடையை எடுத்தார்கள். இ மட்டும் எடுக்கவில்லை.

"அண்ணா, யானை இப்படியெல்லாம் வராது."

"பின்னே எப்படி வரும்?"

"கூட்டமா வரும். ஒத்தையா வந்தா அதுக்கு வேற கணக்கு. ராகி பால் பிடிக்கணும், அப்பதான் வரும். சும்மா ரோட்டுல நின்னுக்கிட்டு உங்களுக்காகக் காத்திருக்காது."

பிறகு வழி சொன்னார். பன்னேர்கட்டாவிலிருந்து கிளம்பும், ஜவளகிரி, நொகனூர், ஊடேதுர்க்கம், சானமாவு. ஒரே நாளில் மொத்தமாக வருவதில்லை, முதலில் ஒரு கூட்டம், அப்புறம் ஒரு கூட்டம். பெரும்பாலும் அக்டோபருக்கு மேல் வரத் தொடங்கி, அறுவடை முடிந்து காடு காயும்வரை இங்கேயே சுற்றும். சானமாவில் இத்தனை யானை நிற்கிறது, காட்டுப் பக்கம் போகாதீர்கள் என்று வனத்துறை எச்சரிக்கும். கர்நாடகத்திலிருந்து ஆண்டுதோறும் தவணை முறையில் நடக்கும் இந்த வெளியீட்டின் கால அட்டவணையும் நம் 154 நாளும் ஏறக்குறையப் பொருந்துவதை ஆய்வாளர் அன்றுதான் கண்டார். தற்செயல் என்பார் உளர். அவர் ராகி பயிரிடாதவர்.

அடுத்த வாரத்திலிருந்து ஆட்டம் மாறிப்போனது. பொக்கிஷம் தேடிப் போன வீரர்கள் பரண்மேல் ஏறி உட்கார்ந்து ராகிக்குக் காவல் இருந்தார்கள். பட்டாசுக்கு ஒரு விதி, டார்ச்சுக்கு ஒரு விதி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதற்கு ஒரு பகடை. எல்லாவற்றையும் இ தன் கேரக்டர் ஷீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். நடுவில் ஒரு யானைப் படம், தந்தம் ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒவ்வொரு பூதத்துக்கும் எத்தனை அடி வாங்கினால் சாகும் என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் காலியாக இருந்தது. மறந்துவிட்டாயா என்றேன்.

"இல்லண்ணா. அதைக் கொல்லவா போறோம்? திருப்பி அனுப்பத்தானே பாக்கறோம்."

ஆகவே வெற்றி என்பது யானையை எல்லைக்கு அப்பால் அனுப்புவது என்று விதி செய்தோம். ஈ உடனே எழுந்துவிட்டார். "அப்பால்னா எங்க? எங்க ஊருக்கா? நீங்க ஜெயிச்சா எங்க வயல் போச்சு." விவாதம் செகண்ட் ஷிப்ட் தொடங்கும்வரை நீடித்தது. அன்று ஆ தூங்கவில்லை.

பூதப் புத்தகம் எங்கள் கைக்கு வந்தது மார்ச்சில். வழவழப்பான தாள், நூற்றுக்கணக்கில் பூதங்கள், படங்கள் பிரமாதம். குறை சொல்ல ஒன்றுமில்லை. விலங்குகள் பின்னிணைப்பில் யானையும் இருந்தது. இ அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார். சாகும் கட்டத்தில் எண் போட்டிருந்தது. புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார்.

"ராகியைப் பத்தி ஒண்ணுமே போடலயேண்ணா."

புத்தகம் இப்போது மூக்கண்டப்பள்ளி அறையில்தான் இருக்கிறது, பிளாஸ்டிக் உறை பாதி பிரித்தபடி. வேண்டுவோர் ஞாயிறு காலை வந்து வாங்கிப் போகலாம். பென்சிலால் எழுதிய தாளைக் கேட்க வேண்டாம். அது ஒரு பிரதிதான் இருக்கிறது.