கூடம் கோணலா? ஓர் ஆய்வு

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியைச் சொல்லிச் சொல்லி அவளைக் கேலி செய்த நம் மரபில், கூடத்துக்குள் போய் ரசமட்டம் வைத்துப் பார்த்த அறிஞர் ஒருவரும் இல்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம் பில்லியர்ட்ஸ் மேசை, ஆய்வுப்பொருள் பந்தை அடிக்கும் கோலாகிய கியூ. (ரேஷன் கடையில் நிற்பது வேறு கியூ. அதுவும் நேராக இருந்ததில்லை.)

பந்து குழியில் விழுந்தால் கை காரணம். விழாவிட்டால் கியூ காரணம். தவறவிட்டவர் கோலைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி, வளைவு தேடுவார். 1882-இல் ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கருக்கு விதி வகுத்தவர்கள் இச்சடங்கை விட்டுவிட்டது பெரும் பிழை.

ஆனாலும் கோலைக் குறை சொல்பவர்கள் முழுப் பொய்யர்கள் அல்லர். பில்லியர்ட்ஸின் கணிதத்துக்கென்றே 1835-இல் ஒரு முழு நூல் எழுதினார் பிரெஞ்சுக்காரர் கோரியோலிஸ். பந்தின் நடுவில் படாமல் இடப்பக்கம் பட அடித்தால், அது குறிவைத்த கோட்டைவிட்டுச் சற்று வலப்பக்கம் விலகி ஓடும். கோலின் நுனி கனத்தால் விலகலும் கூடும். நுனி பந்தைத் தொட்டிருப்பதோ ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் கைக்குச் சேதிகூடப் போய்ச் சேராது. பிறகு கையைக் குறை சொல்வது எப்படி?

இதை மெய்ப்பிக்க என் அக்கா மகனும் மூன்று கூட்டாளிகளும் இறுதியாண்டு புராஜெக்டாக ஒரு மெஷின் செய்தார்கள். காற்றழுத்த சிலிண்டர் ஒன்று, கோலைச் சுமந்து தண்டவாளத்தில் ஓடும் வண்டி ஒன்று, கோணம் திருப்ப ஒரு திருகு. ஒரே அடியை ஒரே வேகத்தில் நூறு முறை அடிக்கும். தவறினால் கோலைத் தூக்கிப் பார்க்காது. நுனிக்குச் சாக் தேய்க்க மட்டும் ஆள் வேண்டும். தேய்க்காவிட்டால் ஓரத்தில் படும்போது வழுக்கிவிடும். அந்த வேலை வாய்த்த பையனுக்கு செமஸ்டர் முழுக்க விரல் நீலம். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் அவன் பங்களிப்பு ‘உராய்வு மேலாண்மை’ என்று பதிவாகியிருக்கிறது.

மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஒரு பார்லரில் சோதனை. முதல் அடி, பந்தின் நட்டநடுவில். நேராகப் போக வேண்டியது இடப்பக்கம் சாய்ந்தது. கோலை மாற்றினார்கள், சாய்ந்தது. நான்கு கோலுக்கும் அதே கதி. மூன்று மாதமாகத் திருகிய திருகை நால்வரும் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

“டேபிள் சரியில்ல மாமா” என்றான் அக்கா மகன். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். நான் பழமொழியை நினைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த, பார்லரில் புள்ளி குறிக்கும் மார்க்கர் எழுந்து வந்து, ஒரு பந்தை விரலால் லேசாகத் தள்ளிவிட்டார். நேராகக் கிளம்பிய பந்து பாதி வழியில் மனம் மாறி, இடது மூலைக் குழியில் போய் விழுந்தது.

“டேபிள்ல ஒண்ணும் இல்ல தம்பி. போன மழையில தரைதான் இந்தப் பக்கம் இறங்கிருச்சு.”