மூன்று வருஷத்து மாமா

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் மாமா ஒருவர் பெங்களூரின் பாதித் தமிழ்க் குடும்பங்களுக்காவது உண்டு. 1988-இல் அல்சூரிலிருந்து கிளம்பி சன்னிவேலில் குடியேறியவர். போகும்போது ஊரைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டதாக அவருக்கு நினைப்பு. அவர் வந்து திறக்கும்வரை உள்ளே எதுவும் நகர்ந்திருக்கக் கூடாது.

விமானம் தரையைத் தொட்டதும் போன் வரும். "அக்கா, இறங்கியாச்சு. அரை மணியில வந்துடறேன், இட்லி ஊத்திடு."

ஹெச்.ஏ.எல். விமான நிலையமாக இருந்தால் அல்சூருக்கு அரை மணி சரிதான். பயணிகள் விமானங்கள் 2008 மே மாதமே தேவனஹள்ளிக்குப் போய்விட்டன. மாமாவும் அங்கேதான் பலமுறை இறங்கியிருக்கிறார். ஆனால் உடம்பு தேவனஹள்ளியிலும் மனசு ஹெச்.ஏ.எல்.லிலும் இறங்கினால் யார் என்ன செய்ய முடியும்? ஹெப்பாள் மேம்பாலம் தாண்டியாச்சு என்று இரண்டாவது போன் வந்த பிறகுதான் அக்கா அடுப்பையே பற்றவைப்பார்.

மறுநாள் காலை இளநீர் வண்டிக்காரரிடம் கம்பீரமாக ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுவார். 2016 நவம்பரில் செல்லாமல் போன பழைய நோட்டு. பாஸ்போர்ட் உறைக்குள் அப்படி இன்னும் ஏழெட்டு வைத்திருக்கிறார். பத்துக்கு மேல் வைத்திருந்தால் அபராதம் என்று அடுத்த வருஷமே சட்டம் வந்துவிட்டது. மாமா ஒற்றை இலக்கத்தில் நிற்பது குலதெய்வத்தின் கருணை. இளநீர்க்காரர் கோபப்படாமல் வண்டியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையைக் காட்டுவார். மாமா அதைப் போட்டோ எடுத்துக்கொள்வார், பெல்லந்தூரில் யானையைப் பார்த்த மாதிரி.

அடுத்து பெட்டி திறக்கும் வைபவம். மூன்று பொட்டலம் கலிபோர்னியா பாதாம் வெளியே வரும். அந்தப் பாதாமை வெளிநாடுகளில் அதிகம் வாங்குவது இந்தியாதான். தெருமுனைக் கடையிலேயே கிலோக் கணக்கில் கிடைக்கிறது. அக்கா மூச்சு விடமாட்டார். "அடேயப்பா, எவ்வளவு பெரிசு!" என்று ஒன்றைக் கடித்தும் காட்டுவார். இந்த நாகரிகம் சும்மா வந்ததல்ல. அக்கா ஒருமுறை 1993-இல் அமெரிக்கா போயிருக்கிறார். தம்பி புளிக்காக மைல் கணக்கில் கார் ஓட்டியதைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து தம்பி கிளம்பும் ஒவ்வொரு முறையும் எம்.டி.ஆர். சாம்பார் பொடி மூன்று கிலோ. எம்.டி.ஆர். 1924-இல் இதே ஊரில் பிறந்தது; இன்று சன்னிவேல் கடைகளில் வரிசையாக அடுக்கியிருக்கிறது. சரவண பவனே அங்கே வந்தாயிற்று. மாமாவும் மூச்சு விடமாட்டார். அக்காவுடைய அமெரிக்காவில் புளி இல்லை, மாமாவுடைய இந்தியாவில் பாதாம் இல்லை. தப்பான தகவலில் இவ்வளவு பாசம் ஓடும்போது திருத்துவதற்கு யாருக்கு மனசு வரும்?

ஆனால் குழந்தைகள் விஷயத்தில் மாமா பொறுக்கமாட்டார். "பாவம்டா நீங்க. கோலி தெரியுமா? தோத்தா முட்டியை மடக்கி வைக்கணும், ஜெயிச்சவன் கோலியாலயே அடிப்பான். ரத்தம் வரும்!" அது என்ன சுகமோ, சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும். "கபடியெல்லாம் செத்துப்போச்சு இந்த நாட்டுல."

அக்காவின் பேரன் பெங்களூரு புல்ஸ் கபடி அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். "தாத்தா, 2019 ஃபைனல்ல பவன் சேராவத் ஒருத்தரே 22 பாயின்ட். யூடியூப்ல இருக்கு, போடட்டா?"

"டிவியில பாக்கறது விளையாட்டாடா? லகோரி ஆடியிருக்கியா?"

பேரன் உள்ளே போய் ஏழு மரவில்லைகளைத் துணிப்பையோடு கொண்டுவந்தான். பள்ளியில் ஆடுகிறார்களாம். மாமாவுக்குப் பெரிய ஏமாற்றம். உடைந்த ஓட்டையும் சாக்கடையோரக் கல்லையும் பொறுக்கி அடுக்காமல், பையில் வாங்கினால் அது லகோரியா?

இருந்தாலும் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் இறங்கினார். இரண்டாவது வீச்சிலேயே பந்து அவர் கணுக்காலில் பட்டது.

"தாத்தா அவுட்!"

"முட்டிக்குக் கீழே பட்டா அவுட் கிடையாது. அல்சூர் ரூல்."

சத்தம் கேட்டு சங்கச் செயலாளர் வந்துவிட்டார். கார் நிறுத்துமிடத்தில் பந்து விளையாடத் தடை என்று பலகையில் எழுதிப் போட்டவரே அவர்தான். இடுப்பில் கைவைத்து நின்று விஷயத்தைக் கேட்டார்.

"சார், நான் ஸ்ரீராமபுரம். எங்க தெருவுல எங்க பட்டாலும் அவுட்தான்."

"உங்க தெருவுல பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஓடுவீங்களே, அது மட்டும் சரியா?"

"யாரு ஓடினது? எழுபத்தெட்டுலயே அதை நிறுத்தியாச்சு சார்!"

பையன்கள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார்கள். பிறகு சாக்பீஸால் தரையில் கோடு கிழித்து, பக்கத்திலேயே கபடியை ஆரம்பித்துவிட்டார்கள்.