முட்டிக்குள் கட்டி: டாக்டரைக் குழப்பச் சில உபாயங்கள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களுக்கும், அவர்களுக்கு யோசனை சொல்வதற்கென்றே திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இந்தக் கையேடு. முட்டிக்குள் ஏதோ உருளுகிறது. வீக்கம் வற்றுவதும் ஏறுவதுமாக இருக்கிறது. மடக்கிய கால் நிமிராமல் மாட்டிக்கொள்கிறது. உள்ளே இருப்பது என்னவென்று டாக்டர் சுலபமாகக் கண்டுபிடித்துவிடக் கூடாது. அதற்கு நம் தரப்பில் செய்ய வேண்டியவை பல.

முதலில் காலம் கடத்த வேண்டும். நம் ஊரில் முட்டிக்கு இரண்டே வியாதி: ஐம்பதைத் தாண்டியவருக்குத் தேய்மானம், தாண்டாதவருக்கு ஜவ்வு. மூன்றாவது ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழித்தறியில் நாளெல்லாம் மிதிகட்டை மிதிக்கிற காலுக்கு வலிக்காமல் என்ன செய்யும் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளுங்கள். தை முகூர்த்தப் புடவை தறியிலிருந்து இறங்கட்டும் என்று ஒரு தவணை, ஆவணி போகட்டும் என்று இன்னொரு தவணை. நடுவில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கலாம். எலும்பு முறியவே இல்லை என்றாலும் புத்தூருக்குப் போய் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு வரலாம். கட்டு இருக்கும்வரை வீக்கம் கண்ணில் படாது.

பிறகு ஒருநாள் டாக்டரிடம் போகத்தான் வேண்டியிருக்கும். அவர் எக்ஸ்ரே எழுதினால் முகத்தைச் சுளியுங்கள். ரோன்ட்ஜன் 1895-ல் கண்டுபிடித்தது. சென்னைப் பெரியாஸ்பத்திரியில் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934-லேயே வந்துவிட்டது. தாத்தா காலத்துச் சமாசாரம். சில நூறு ரூபாயில் என்ன தெரிந்துவிடப் போகிறது? நேரே எம்.ஆர்.ஐ. கேளுங்கள்.

தெரிந்துவிடும் என்பதுதான் சிக்கல். சிலருக்கு மூட்டின் உள்சவ்வு குருத்தெலும்பு உருண்டைகளை உற்பத்தி செய்யத் தொடங்கும். சைனோவியல் காண்ட்ரோமடோசிஸ் என்பார்கள். உருண்டைகள் கழன்று மூட்டுக்குள் மிதக்கும். அவற்றில் சுண்ணாம்பு ஏறிவிட்டால் எக்ஸ்ரேயில் ஏறக்குறைய ஒரே அளவு மணிகளாகத் தெரியும். ரேடியாலஜிஸ்ட் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். அதே சுண்ணாம்பு எம்.ஆர்.ஐ.யில் வெறும் கறுப்பு, அங்கே கறுப்பாகத் தெரிய வேறு பல ஆசாமிகளும் உண்டு. ஆக, எக்ஸ்ரேயைத் தட்டிக்கழித்தால் பாதி ஜெயம். எடுத்தே தீரவேண்டும் என்றால், ‘நார்மல்’ என்று வந்த கையோடு வீட்டுக்குப் போய்விடுங்கள். சுண்ணாம்பு ஏறாத உருண்டை எக்ஸ்ரேயில் தெரியாது என்பதைக் கேட்க அங்கே நிற்காதீர்கள்.

கட்டி முட்டிக்குப் பின்னால், மடிப்பில் இருக்கிறதா? பெரும்பாலும் அது நீர்ப்பை. வில்லியம் பேக்கர் என்ற லண்டன் சர்ஜன் 1877-ல் விவரித்தது, அவர் பெயராலேயே வழங்குகிறது. அல்ட்ராசவுண்டு வைத்தால் சில நிமிஷத்தில் தெரியும். ஆனால் அதே இடத்தில் ரத்தக் குழாய் புடைத்தும் கட்டி போல் நிற்கும், தொட்டால் துடிக்கும். எனவே ஸ்கேனுக்கு முன்பே யாரிடமாவது சொல்லி ஊசியால் நீரை உறிஞ்சிப் பார்க்கச் சொல்லுங்கள். விறுவிறுப்பாக இருக்கும்.

எம்.ஆர்.ஐ.தான் உங்கள் திறமைக்கு நிஜமான சோதனை. அந்த மெஷின் நோயின் பெயரை எழுதித் தராது. கொழுப்பு எங்கே, நீர் எங்கே, இரும்பு எங்கே என்று காட்டும், அவ்வளவே. உள்சவ்வில் கொழுப்பு கிளைகிளையாக வளர்ந்திருந்தால் லிப்போமா ஆர்போரெசன்ஸ். ஒரு படத்தில் வெள்ளையாக இருக்கும். கொழுப்பின் சிக்னலை அடக்கி எடுத்த அடுத்த படத்தில் கறுத்துவிடும். அதில் ஏமாற்ற வழியில்லை, வருந்துகிறேன். இரும்பில் நிறைய வாய்ப்பு உண்டு. சவ்வு தடித்து அடிக்கடி ரத்தம் கசிந்தால் அந்த ரத்தத்தின் இரும்பு அங்கேயே தங்கும். கிரேடியன்ட் எக்கோ என்ற வகைப் படத்தில் அது கன்னங்கரேலென்று, தன் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். 1941-ல் நியூயார்க்கில் ஜாஃபியும் கூட்டாளிகளும் பெயர் வைத்த பி.வி.என்.எஸ். கட்டிக்கு அதுதான் அடையாளம். ஹீமோஃபீலியா உள்ளவரின் முட்டியும் கிட்டத்தட்ட அப்படியே கறுக்கும். ஆகவே சின்ன வயதில் பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்கவே இல்லை என்ற கதையை மூச்சுவிடாதீர்கள்.

ராத்திரியில் கால் கட்டைவிரல் சிவந்து எரிந்ததையும், யூரிக் ஆசிட் ஏறியிருந்த பழைய ரிப்போர்ட்டையும் மறைத்துவிடுங்கள். கௌட் உப்பு முட்டிக்குள் திரண்டால் அசல் ட்யூமர் மாதிரியே வேஷம் போடும். இரட்டை எனர்ஜி சி.டி. ஸ்கேன் எடுத்தால் அந்த உப்பைத் தனி நிறம் போட்டுக் காட்டிவிடலாம். சந்தேகம் வந்தால்தானே எடுப்பார்கள்?

எல்லாவற்றுக்கும் மேல் காசநோய். வீட்டில் யாராவது டி.பி.க்கு மாத்திரை சாப்பிட்டிருந்தால் சொல்லவே கூடாது. பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம். மூட்டில் டி.பி. வந்தால், டாக்டர்கள் அரிசி மணி என்றே சொல்லும் துணுக்குகள் நீரில் மிதப்பதுண்டு. முடக்குவாதத்திலும் மிதக்கும். படத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம்; நீரையும் சவ்வையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கு டி.பி. மாத்திரை, மற்றதற்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது இந்தக் கையேட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

வீட்டம்மாவுக்கு முட்டி வீக்கம் என்றால் ஸ்கேனுக்குப் பட்டுப்புடவையில் அனுப்புங்கள். அசல் ஜரிகை என்பது பட்டு இழை மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் ஏற்றியது. காந்தம் அதை இழுக்காது. ஆனால் ரேடியோ அலையில் உலோக இழை சூடேறித் தோலைச் சுடலாம். அதற்காகத்தான் பருத்தி கவுன் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்ளக் கூடாது, இரண்டு பேர் வந்து கெஞ்சட்டும். மெட்டி, தாயத்து, வளையல் என்று ஒவ்வொன்றாக வாதாடிக் கழற்றிய பிறகு டெக்னீஷியன், “வேற ஏதாவது இரும்பு இருக்காம்மா?” என்பார். “ஒண்ணுமில்லப்பா.” தாலிச் சரட்டில் கொத்தாக மாட்டியிருக்கும் ஊக்குகள் கணக்கில் வராது. காந்தத்துக்கு அவற்றை ரொம்பப் பிடிக்கும். உள்ளே படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். அசைந்து எடுத்த படத்தில் பேயும் தெரியும், பெருமாளும் தெரியும்.

ரிப்போர்ட் வந்ததும் அதை ஜாதகம் போல நாலு வாசலுக்குக் கொண்டுபோங்கள். முதலில் மருமகன். அவர் ஃபிலிமை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஒரு போட்டோ எடுத்து, பெங்களூரில் தெரிந்த டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நூற்றுக்கு மேல் இருக்கும் படங்களில் ஒரு மூலை, நடுவே ட்யூப்லைட் பட்டை. கூடவே தந்த சி.டி.யை மொட்டை மாடியில் காக்காய் விரட்டக் கட்டிவிடலாம். பழைய எக்ஸ்ரே இருந்தால் கிரகணம் பார்க்கப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். போன வருஷம் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று யாராலும் ஒப்பிட முடியாது.

இதற்கும் மசியாவிட்டால் கத்தி. சின்னக் கட்டிதானே, மெல்லத்தானே வளர்கிறது என்று பக்கத்துத் தெரு கிளினிக்கில் கீறி எடுக்கச் சொல்லுங்கள். இளவயதுக்காரர்களுக்கு முட்டியை ஒட்டி வரும் சைனோவியல் சார்கோமா என்ற புற்றுநோயும் பல சமயம் இப்படித்தான் இருக்கும்: சின்னதாக, மெல்ல, சாதுவாக. படம் பார்க்காமல் கீறினால் அதன் செல்கள் சுற்றிலும் சிந்தும். பின்னால் முறையாக ஆப்பரேஷன் செய்பவர் இன்னும் அதிகமாக வெட்ட வேண்டிவரும். பயாப்ஸி ஊசி எந்த வழியாகப் போகவேண்டும் என்பதைக்கூட, வெட்டப்போகிற சர்ஜனைக் கேட்டுத்தான் தீர்மானிப்பார்கள். நாம் ஏன் கேட்க வேண்டும்?

காரப்பேட்டை என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். 1969-ல் புற்றுநோயால் இறந்த நம் ஊர் அண்ணாவின் பெயரில் அங்கே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பஸ்ஸில் தெரிந்தவர் பார்த்துவிட்டால் உறவுக்காரர் வீட்டுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளே போனதும், “எப்போலேருந்து இருக்கு?” என்பார் டாக்டர்.

“போன வாரந்தான் சார்.”