கோல் போஸ்ட் 115 கிலோமீட்டர் தள்ளி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. நவி மும்பை ஐரோலியில் எங்கள் செக்டர் மைதானத்தின் கேட்டுக்கு வெளியே எட்டுப் பையன்கள் நிற்கிறார்கள். ஒருவன் கையில் பந்து. உள்ளே ஷாமியானா, சிவப்புக் கம்பளம், பெனால்டி அடிக்கிற இடத்தில் ஜிலேபிச் சட்டி.

"என்னடா, ஆடலையா?"

"கிரவுண்ட்ல ஷாதி, அங்கிள்."

சொன்னவன் எதிர்வீட்டுப் பையன். தாத்தா திருநெல்வேலி, அப்பா தாராவி தொண்ணூறு அடி ரோடு, இவன் ஐரோலி. மூன்று தலைமுறையில் குடும்பம் சாக்கடை ஓரத்திலிருந்து லிஃப்ட் வைத்த கட்டடத்துக்கு ஏறிவிட்டது. பந்து உதைக்கிற இடம் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கிக்கொண்டே வருகிறது. போன வாரம் மைதானத்தில் கண்காட்சி. அதற்கு முந்தின வாரம் ஒரு தலைவரின் பிறந்தநாள் ரத்ததான முகாம். அடுத்த வாரம் என்ன என்று கேட்டேன். "பேனர் வந்தா தெரியும், அங்கிள்" என்றான். மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னான். கோபமே இல்லாத அந்தக் குரல்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

சொசைட்டித் தோட்டத்தில் ஆடலாமே என்பீர்கள். அங்கே ஒரு பலகை தொங்குகிறது. மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றும் சண்டையில்லாமல் ஒரே கருத்தைச் சொல்வதை இந்த மாநிலத்தில் அங்கேதான் பார்த்தேன்: பந்து விளையாடத் தடை. காசு இருந்தால் டர்ஃப் இருக்கிறது. நாலு பக்கமும் வலை கட்டிய கோழிக்கூண்டு, மணிக்கணக்கில் வாடகை. பத்து நிமிடம் தாமதமாய் வந்தால் பத்து நிமிட ஆட்டம் போச்சு. மீட்டர் போட்டு ஓடும் ஆட்டோவைப் பார்த்திருக்கிறோம். மீட்டர் போட்டு ஓடும் சென்டர் ஃபார்வர்டை இப்போதுதான் பார்க்கிறோம்.

ஆனால் அரசாங்கத்தைக் குறை சொல்லக் கூடாது. அரசாங்கம் இந்தப் பையன்களுக்காக எப்போதோ யோசித்துவிட்டது. ஐரோலியிலிருந்து ரயில் ஏறினால் ரபாலே, அடுத்து கன்சோலி. இரண்டாவது ஸ்டேஷன். அங்கே அரசு விளையாட்டு வளாகத்துக்கென்று 2003இல் 20 ஏக்கர் ஒதுக்கினார்கள். ஒதுக்கினார்கள் என்றால் ஓரமாய் ஒதுக்கி வைத்தார்கள் என்று பொருள். பதின்மூன்று வருடம் அந்த நிலத்தில் புல் முளைத்தது, எருமை மேய்ந்தது, காகிதம் மட்டும் ஓடியாடி விளையாடியது. 2016இல் அரசின் நகர வளர்ச்சிக் கழகமான சிட்கோ அந்த நிலத்தின் ஒரு பகுதியைத் தனியார் கட்டுமான நிறுவனத்துக்குக் கொடுத்தது. வீடும் கடையும் கட்ட. சரி, அப்போது பிள்ளைகள்? அதற்கும் வழி கண்டார்கள். 2021இல் விளையாட்டு வளாகத்தையே ராய்கட் மாவட்டம் மாண்காவ் தாலுகா நாணோரே என்ற ஊருக்கு மாற்றினார்கள். தூரம் 115 கிலோமீட்டர்.

இதில் இருக்கும் தொலைநோக்கு நம்மைப் போன்ற பாமரருக்குப் புரியாது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளி விட்டு வரும் பையன் பையை வைத்துவிட்டு, பாலைக் குடித்துவிட்டு, மும்பை–கோவா நெடுஞ்சாலையில் ஏறுகிறான். 2011இல் அகலப்படுத்தத் தொடங்கி, ஒரு தலைமுறை பிறந்து பள்ளிக்கூடம் போகிற காலம்வரை இழுத்தடித்த சாலை. அதன் பள்ளங்களைத் தாண்டுவதிலேயே டிரிப்ளிங் வந்துவிடும். மாண்காவ் நெரிசலில் நிற்பதிலேயே பொறுமை வந்துவிடும். போய்ச் சேரும்போது இருட்டிவிடும்; இருட்டில் பந்து தெரியாமல் ஆடிப் பழகியவன் உலகக் கோப்பையில் வெளிச்சத்தில் எப்படி ஆடுவான், நினைத்துப் பாருங்கள்!

நினைத்துப் பார்த்தவர்கள் நீதிபதிகள் மட்டும்தான். கட்டடக் கலைஞர் சங்கத்தின் நவி மும்பைக் கிளை வழக்குப் போட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் அந்த இடமாற்றத்தை ரத்து செய்தது. சிட்கோ சும்மா விடுமா? உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. இந்த விவகாரம் முழுவதிலும் உருப்படியாய் நடந்த ஓட்டம் அது ஒன்றுதான். செப்டம்பரில் அங்கேயும் தோற்றது. மிச்சமிருக்கும் கொஞ்சம் பசுமையையாவது பிள்ளைகளுக்கு விடுங்கள் என்பதுதான் நீதிமன்றம் சொன்னதன் சாரம். ஒரு பையன் பந்து உதைக்க நாட்டின் தலைமை நீதிபதி உத்தரவு போட வேண்டியிருக்கிறது. அர்ஜென்டினாவில்கூட இந்த வசதி இருக்காது.

வழக்குப் போட்டது யார் என்பதையும் கவனியுங்கள். கட்டடம் கட்டத் தெரிந்தவர்கள் மைதானம் வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கால்பந்தை நடத்துகிறவர்கள்? அவர்கள் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். கால்பந்துக்கு நம் நாட்டில் மைதானத்தைவிட மீட்டிங் ஹால்தான் அதிகம் தேவைப்படுகிறது.

நான் வேலை பார்க்கிற ஐடி அலுவலகத்தில் அயர்லாந்து வாடிக்கையாளர் ஒருவரோடு தினமும் பேச வேண்டும். அவர் சொந்த ஊர் லீட்ரிம் மாவட்டம். அங்கே கேலிக் ஃபுட்பால் என்று ஓர் ஆட்டம். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். 1884இல் தொடங்கிய சங்கம் இன்றுவரை ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. பகலில் வாத்தியார், போலீஸ்காரர், எலக்ட்ரீஷியன். சாயங்காலம் ஊருக்காக ஆட்டம். திங்கள்கிழமை போன் கால் வந்தால் முதல் ஐந்து நிமிடம் இந்தப் புலம்பல்தான். மாவட்ட அணி படுமோசம், கிளப்புக்கு ஆள் தேறவில்லை, பாதிப் பையன்கள் டப்ளினில், மீதி ஆஸ்திரேலியாவில். 2025 பிப்ரவரியில் லீட்ரிம் அணி பதினைந்து பேரை இறக்க முடியாமல் ஒரு லீக் ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தது. சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது, ஏதோ வீட்டில் சாவு விழுந்ததுபோல.

ஆறுதலுக்கு மாவட்டத்தின் மக்கள்தொகை எவ்வளவு என்று கேட்டேன். 35,000 என்றார். 1841இல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த மாவட்டம் பஞ்சத்திலும் கப்பலிலும் கரைந்து இந்த அளவுக்கு வந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கிளப்புக்கும் சொந்த மைதானம் உண்டாம். கல்யாணத்துக்கு விடுவீர்களா என்றேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. இணைப்பு சரியில்லை என்று நினைத்து, மறுபடி சொல்லச் சொன்னார்.

நவி மும்பையில் 2011 கணக்குப்படியே 11 லட்சம் பேர். பதினைந்து பேரென்ன, பதினைந்தாயிரம் பேரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தலாம். லீட்ரிமில் மைதானம் இருக்கிறது, ஆள் போய்விட்டான். ஐரோலியில் ஆள் இருக்கிறான், மைதானம் போய்விட்டது. அவர்கள் பஞ்சத்தில் இழந்ததை நாம் ஏலத்தில் இழந்தோம். பஞ்சத்துக்காவது நினைவுச் சின்னம் வைக்கிறார்கள்.

நவி மும்பையில் கால்பந்தே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நெருலில் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம் இருக்கிறதே! 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆட்டங்கள் அங்கே நடந்தன. 2022இல் பெண்களுக்கான அதே கோப்பையின் இறுதி ஆட்டம், ஸ்பெயினும் கொலம்பியாவும். நம் பெண்கள் அதற்கு முன்பே புவனேஸ்வரத்தில் மூன்று ஆட்டம் ஆடி, 16 கோல் வாங்கி, ஒன்றும் போடாமல் வீடு திரும்பியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாண வீட்டுக்குப் பந்தல் போட்டவன், விருந்து சமைத்தவன், வாசலில் பன்னீர் தெளித்தவன் எல்லாம் நாம்தான். மாப்பிள்ளை மட்டும் வெளியூர்.

2017 என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அந்த வருடம் செப்டம்பர் 15 அன்று மகாராஷ்டிரம் முழுக்க ஒரே நாளில் பத்து லட்சம் பிள்ளைகள் கால்பந்து ஆடினார்கள். மாநில அரசின் திட்டம். முதல்வர் தேவேந்திர ஃபட்னவிஸ். பள்ளிகளுக்குப் பந்து கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். செப்டம்பர் 16 அன்று அந்தப் பத்து லட்சம் பேர் எங்கே ஆடினார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எட்டு வருடம் கழித்து 2025 டிசம்பர் 14. மெஸ்ஸி வான்கடே ஸ்டேடியத்துக்கு வந்தார். கிரிக்கெட் மைதானம்தான், கால்பந்துக் கடவுளை வேறு எங்கே இறக்குவது? மேடையில் அதே முதல்வர். புதிய திட்டம், பெயர் மகாதேவா. இந்த முறை பிள்ளைகள் 60 பேர். பத்து லட்சத்தில் தொடங்கி அறுபதுக்கு வந்திருக்கிறோம். இந்த வேகத்தில் போனால் அடுத்த திட்டத்தில் ஒரே ஒரு பையன் இருப்பான்; அவன் யாருடைய பையன் என்பதும் நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

அன்று மேடையில் சினிமா நடிகர்களுக்கும் மரியாதை செய்தார்கள். காசு கொடுத்து வந்த கூட்டம் ஊளையிட்டது. மும்பைக் கால்பந்து ரசிகன் பல வருடங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சொன்ன நியாயமான கருத்து அது.

இனி நாள்காட்டியைப் புரட்டுங்கள். இந்தியன் சூப்பர் லீக்கை நடத்தும் உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். 2025 நவம்பர் 7 கடைசித் தேதி. ஒருவரும் கேட்கவில்லை. கன்சோலியில் காலி நிலத்துக்கு ஆள் வருகிறது, நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்குக்கு ஒரு நாயும் வரவில்லை. நவம்பர் 18, டாக்காவில் வங்கதேசத்திடம் இந்தியா 0–1. அதே தேதியில் ஒன்றரை லட்சம் பேர் வாழும் குராசோ தீவு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அடுத்த நாள் ஃபிஃபா தரவரிசை வந்தது: இந்தியா 142. டிசம்பர் 8, லீக்கைத் தாங்கிய பதினைந்து வருட ஒப்பந்தம் காலாவதி. அதிலிருந்து ஆறாம் நாள் மெஸ்ஸி. பிணம் கூடத்தில் கிடக்கிறது, வாசலில் நாதஸ்வரம். டிசம்பர் 26, மும்பை சிட்டி கிளப்பில் 2019 முதல் பெரும்பங்கு வைத்திருந்த வெளிநாட்டுக் குழுமம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. பிறகு விளையாட்டு அமைச்சகம் தலையிட்டு, 2026 பிப்ரவரியில் குறுக்கிய லீக் ஒன்றுக்குத் தேதி குறித்தது.

மும்பை இப்படியே பிறந்ததல்ல. ரோவர்ஸ் கோப்பை 1891இல் இங்கே தொடங்கியது. வெள்ளைக்காரப் பட்டாளம் மட்டுமே தூக்கிக்கொண்டிருந்த கோப்பையை 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் தட்டிப் பறித்தது. ஹைதராபாத் போலீஸ் 1950 முதல் ஐந்து வருடம் தொடர்ந்து வென்றது. கூப்பரேஜ் மைதானத்தில் அந்த ஆட்டங்களைப் பார்க்க மில் ஷிஃப்ட் முடித்து ஓடியதாக மாதுங்காவில் கிழவர்கள் சொல்வார்கள். இந்த நூற்றாண்டு பிறந்ததும் அந்தக் கோப்பையின் மூச்சு நின்றது. மஹிந்திரா யுனைடெட் 2006இல் தேசிய லீக்கை வென்றது, 2010இல் கலைத்தார்கள். மும்பை எஃப்.சி. 2007இல் பிறந்து 2017இல் போனது. கலைக்கிறவர்கள் சொல்லும் வாசகம் எப்போதும் ஒன்றுதான், அடித்தள வளர்ச்சியில் கவனம் செலுத்தப் போகிறோம். கவனம் செலுத்தியதில் அடித்தளமே ஆழத்துக்குப் போய்விட்டது. மகாராஷ்டிரம் கடைசியாய் மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் டிராபியை வென்றது 2000இல். அதற்குப் பிறகு டிராபியும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் என்று ஒன்று இருக்கிறது. தலைவராய் இருந்த பிரஃபுல் பட்டேல் 2009இல் உட்கார்ந்தார். காலம் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. உச்ச நீதிமன்றம்தான் 2022இல் எழுப்பிவிட்டது. அந்தக் குழப்பத்தில் ஃபிஃபா இந்தியாவையே ஆகஸ்டில் பதினோரு நாள் தடை செய்தது. செப்டம்பரில் தேர்தல். கல்யாண் சௌபே 33 ஓட்டு, இந்தியாவின் பெயரைச் சொன்னால் எவனும் தலைநிமிரும் ஆட்டக்காரர் பாய்சுங் பூட்டியா ஒரே ஒரு ஓட்டு. நாற்காலிக்கு 34இல் 33 வாங்கத் தெரிந்த கூட்டம் ஆடுகளத்தில் 2025இல் வாங்கியது 142ஆவது இடம். திறமை இல்லை என்று யார் சொன்னது? திறமை எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கிறது. கோல் போட ஆள் இல்லாமல், ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை நாற்பது வயதில் திரும்ப அழைத்தார்கள். ஓய்வு பெற வேண்டியவர்கள் பெறுவதில்லை, பெற்றவரை விடுவதில்லை.

அயர்லாந்துக்காரரிடம் ஒருநாள் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாய்க் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்: "உங்கள் ஊர் மைதானம் யாருடையது?" பதில் சொல்ல வாய் திறந்தேன். சிட்கோவுடையதா, மாநகராட்சியுடையதா, பேனரில் சிரிக்கிறவருடையதா, ஜிலேபிச் சட்டி வைத்தவருடையதா? லீட்ரிமில் இந்தக் கேள்விக்கு ஆறு வயதுப் பிள்ளை "எங்களுடையது" என்று சொல்லுமாம். இணைப்பு சரியில்லை என்று இந்த முறை நான் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மைதானத்துக்குத் திரும்பப் போய்ப் பார்த்தேன். கல்யாணம் முடிந்து ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கு உள்ளே ஒரு மூலை காலி. எச்சில் தட்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு எட்டுப் பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆணி பொறுக்கிய பிறகுதான் வெறுங்காலில் ஓடினார்களாம். கோல் போஸ்ட்டாக இரண்டு பக்கமும் கழற்றி வைத்த செருப்பு.

டெண்டரில் வராத, 115 கிலோமீட்டர் தள்ளி மாற்ற முடியாத ஒரே கோல் போஸ்ட் அதுதான். பத்திரமாய் வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளா. பெரியவர்களாகி, மைதானத்தை யார் தின்றது என்று கேட்க ஒருநாள் போவீர்கள். அன்றைக்கு அது காலில் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.