அரைநூற்றாண்டு அவசரம்

எட்டாம் ஹென்றியிடம் 1534இல் அச்சுரிமை பெற்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் முதல் நூலை 1584இல்தான் அச்சிட்டது என்பதால், பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் ‘புதிய வெளியீடு’களை அந்த நாட்காட்டியைக் கொண்டே அளப்பது முறை. கையெழுத்துப் படியை அதே துறை அறிஞர்கள் தம் பெயரை மறைத்துக்கொண்டு படித்துக் குறைகூறும் சகமதிப்பீடு என்னும் சடங்கில், முதலாமவர் விரிக்கச் சொன்ன இயலை இரண்டாமவர் நீக்கச் சொல்ல, ஆசிரியர் இருவருக்கும் முன்னுரையில் நன்றி கூறி முடிப்பதற்குள், நூல் ஆராய்ந்த சமகாலம் வரலாற்றுத் துறைக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. விலை, நூலகங்களை மட்டுமே நம்பி வைக்கப்படுவது; வாசகர் அதில் சேர்த்தியில்லை. விதிவிலக்காக, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2005இல் வெளியிட்டு அமோகமாக விற்ற ஹாரி ஃபிராங்க்ஃபர்ட்டின் சிறுநூல் வெற்றுப் பேச்சைப் பற்றியது. அதுவும் 1986இல் வெளியான கட்டுரைதான்.